அவர் பெயரில் ஒரு புள்ளி

இத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூடவா தெரியவில்லை, நான் அவர் இல்லை என்று?

பனி விலகாத தெருவில், ஒரு கால் பெடலிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றபடி அவள் நினைத்துக்கொண்டாள். முன்னாலும் பின்னாலும் பந்தயம் தொடங்கக் காத்திருக்கும் சைக்கிள்கள். தெரு எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அவள் சட்டையில் ஊக்குகளால் குத்தியிருந்த அட்டையில் கணவரின் எண். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் கணவரின் பெயர். சட்டையும் அவருடையதுதான். கம்பெனி கொடுத்த இரண்டில் ஒன்று. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிவிட்டால் எல்லாரும் ஒரே புற்றின் எறும்புகள் ஆகிவிடுகிறார்கள்.

விடிந்ததும் விடுதி அறையில் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார்.

"என்னால முடியலம்மா. அங்க ஆபீஸே உட்கார்ந்து பார்த்துட்டிருக்கும். இந்த அட்டைக்குள்ள ஒரு சிப் இருக்கு. இது நகர்ந்தா அவங்க திரையில நான் ஒரு புள்ளியா நகருவேன். நகரலேன்னா என் மானமே போயிடும்."

இந்த வெளிநாட்டுப் பந்தயத்துக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே கம்பெனிதான். ஒரு வருடமாக விடாமல் பயிற்சி செய்வதாக மேனேஜரிடம் அவர் அளந்துவிட்டிருந்தார்.

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"முதல் மேடு வரைக்கும் போ. அங்க நின்னுடு. பஞ்சர்னு சொல்லிக்கலாம். நீதான் தினமும் மிதிக்கிறியே, உனக்கென்ன கஷ்டம்?"

மிதிப்பவள்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் வேலை. அவள் சைக்கிள் எப்போதும் யாரோ ஒருவர் வாசலுக்குப் போகும். யாருடைய ரத்தத்தையோ சுமந்துகொண்டு திரும்பும். வாசலே இல்லாத ஒரு பயணம் அவளுக்கு வாய்த்ததில்லை.

விசில் ஊதியது. எறும்புகள் நகர்ந்தன.

எத்தனையோ சக்கரங்கள் ஒன்றாக உருளும்போது மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் வரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சாலையில் கார் இல்லை, ஹாரன் இல்லை. பனிக்குள்ளிருந்து ஒரு மரம் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. முன்னால் மிதித்துக்கொண்டிருந்த கிழவரின் கெண்டைக்காலில் நரம்புகள் கயிறு மாதிரி புடைத்திருந்தன. 'எவ்வளவு நல்ல நரம்பு! ஒரே குத்தில் எடுத்துவிடலாம்' என்று ரசித்துக்கொண்டே அவர் பின்னால் போனாள்.

காதுக்குள் போன் அலறியது.

"ஏம்மா, மேட்டுல நிக்கலையா நீ?"

"மேடு இன்னும் வரலீங்களே."

"தாண்டிட்டே! புள்ளி அந்தப் பக்கம் இறங்கிட்டிருக்கு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு மலை நின்றிருந்தது. நரம்பு பார்த்ததில் மலையைக் கவனிக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க. இங்கயே நின்னுடவா?"

"இப்ப நின்னா அசிங்கம். ஆபீஸ்ல கை தட்டிட்டிருக்காங்க. இன்னும் கொஞ்சம் போ. ரெண்டாவது மேடு பார்த்துக்கலாம்."

வழியோரத்தில் ஜனங்கள் நின்று கை தட்டினார்கள். அட்டையைப் படித்து, கணவரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க" என்றே கூப்பிட்டுப் பழகிய பெயரை ஒரு வெளிநாடே தொண்டை கிழிய அவளைப் பார்த்துக் கூப்பிட்டது. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கையசைத்தாள். ஒரு வளைவில், தன்னை அறியாமல், "என்னங்க?" என்று பதில்கூடக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது மேட்டின் உச்சியில் மறுபடி போன்.

"மெதுவாப் போம்மா! மேட்டுல நான் இந்த வேகத்துல போவேன்னு எவன் நம்புவான்? மேனேஜர் ஊக்கமருந்தான்னு கேட்கறார். கொஞ்ச நேரம் எங்கயாவது உட்காரு."

அவள் ஒரு கல்சுவரில் உட்கார்ந்தாள். கீழே பள்ளத்தாக்கில் பனி பால் மாதிரி தேங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, வீட்டு நினைவு, வேலை நினைவு, தன் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக அதற்குள் இறங்கி மூழ்கின. யாரும் எதையும் கேட்காத இடம் இப்படித்தான் இருக்குமோ? கண் எப்போது மூடியதென்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தால் எதிரே ஆம்புலன்ஸ். ஒரு நர்ஸ், பேச்சைக் கேட்டால் நம்மூர்க்காரி, அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"புள்ளி நகரவே இல்லைன்னு இந்த அட்டைக்காரரோட ஆபீஸ்லேர்ந்து போன் வந்தது. நெஞ்சுவலியா இருக்கும்னு பயப்படறாங்க." நர்ஸ் கையிலிருந்த குறிப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆனா இதுல ஆம்பளைன்னு போட்டிருக்கே?"

ஊசியோடு பிறர் வீட்டுக்குப் போகிறவள் அவள். நோயாளியாக இருந்து பழக்கமில்லை. பதறிப்போய்ப் புதரைக் காட்டினாள்.

"அவர்... அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கார்."

நர்ஸும் ஓட்டுநரும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, அவர் பெயரைக் கூவியபடி புதருக்குள் நுழைந்தார்கள். அவள் சைக்கிளில் ஏறி, திரும்பியே பார்க்காமல் இறக்கத்தில் பறந்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடைசியாக எப்போது இப்படித் தனியாகச் சிரித்தோம் என்று யோசித்தாள். பதில் கிடைப்பதற்குள் மூன்றாவது மேடும் முடிந்துவிட்டது.

"கெட்டுது போ!" என்றது போன். "நெஞ்சுவலியோட ஓட்டற சிங்கம்னு என்னை ஆபீஸ் குரூப்ல போட்டுட்டாங்க. எல்லைக்கோட்டுல கேமரா இருக்காம். மொத்த ஆபீஸும் பெரிய திரை முன்னாடி உட்கார்ந்தாச்சு. இனிமே பஞ்சர் கதையெல்லாம் எடுபடாது. கோட்டுக்கு முன்னாடி ஒரு பாலம் வரும். அங்க நின்னுடு. நான் டாக்ஸியில வந்து மாத்திக்கறேன்."

"வயிறு எப்படிங்க இருக்கு?"

"சமாளிச்சுக்கறேன். நீ பாலத்தைத் தாண்டிடாதே!"

அதன்பிறகு அவள் மெதுவாகத்தான் மிதித்தாள். கால் வலித்ததால் அல்ல. பாலம் வரக் கூடாது என்று இருந்தது. கோட்டைத் தாண்டும்போது என்ன சத்தம் கேட்கும்? சக்கரம் ஒருமுறை அதிருமா, அல்லது ஒன்றுமே தெரியாமல் போய்விடுமா? சின்ன விஷயம்தான். ஆனால் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. சமைத்ததைக் கடைசியாகச் சாப்பிட்டு, படத்தைப் பாதியில் விட்டு எழுந்து, தூக்கத்தையும் பாதியில் முறித்து வாழ்கிறவளுக்கு, எதையாவது கடைசிவரை போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தது?

பாலம் வந்துவிட்டது.

டாக்ஸிக்கு அருகில் கணவர் நின்றிருந்தார். இரண்டாவது சட்டையைப் போட்டிருந்தார். வியர்வைக்குப் பதிலாகப் பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கையில் சீட்டை உயர்த்தும் சாவி.

"இறங்கு, இறங்கு. அட்டையைக் கழட்டு."

அவள் இறங்கினாள். "இன்னும் எவ்வளவு தூரங்க?"

"அந்த வளைவுதான். ஏன்?"

"இல்ல... நானே போயிடட்டுமா?"

"விளையாடறியா? கேமராவுல உன் மூஞ்சி தெரிஞ்சா என் கதி என்ன? மெடல் நம்ம வீட்டு ஷோகேஸ்லதானே இருக்கப்போகுது? நான் வேற, நீ வேறயா?"

பாவம், வலியோடு எழுந்து வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. விரல்கள் தாமாக ஊக்கைத் தேடின. ஒன்றைக் கழற்றினாள். இன்னொன்றையும் கழற்றினாள். அட்டை ஒரு பக்கமாகச் சரிந்து காற்றில் படபடத்தது. கணவர் குனிந்து சீட்டின் திருகைத் தளர்த்த ஆரம்பித்தார்.

டாக்ஸி ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். அவரும் தமிழர்தான்.

"சார், பாலத்துல அம்மாவை ஏத்திக்கிட்டுப் போய் ரூம்ல விடணும்னு நேத்து சாயங்காலமே சொன்னீங்களே, அவங்களை ஏறச் சொல்லுங்க."

கணவர் திருகிலிருந்து நிமிரவில்லை.

அவள் கழற்றிய ஊக்குகளை ஒவ்வொன்றாக மறுபடி குத்தினாள். அவர் கையிலிருந்து சாவியை மெதுவாக வாங்கி, திருகை இறுக்கி, சாவியைத் திரும்ப அவர் கையிலேயே வைத்தாள். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாங்க. நீங்க சாரைக் கூட்டிட்டுப் போங்க."