இரண்டாம் எண் கம்ப்யூட்டரில் உட்காரும் குற்றவாளி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சௌக்கியம். அங்கு நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கூப்பிட்டால் முக்கியமான இடத்தில் "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

போன விடுமுறைக்கு வந்தபோது எங்கள் தெருப் படிப்பகத்தின் மூன்று கம்ப்யூட்டர்களுக்கும் உங்கள் கம்பெனியின் பாதுகாப்புக் கருவியைப் போட்டுக் கொடுத்தீர்கள். வைரஸையும் தடுக்கும், வேண்டாத பக்கங்களையும் தடுக்கும் என்றீர்கள். தடுப்பின் அளவை நடுவில் வைத்துவிட்டு, இதற்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னீர்கள். உங்கள் பஸ் தெருமுனை திரும்புவதற்குள் நான் அதை உச்சத்துக்கு ஏற்றிவிட்டேன். முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில் வால்வு மூடியவன், எதையும் பாதி மூடிப் பழக்கமில்லை. மேலும் நான் படிப்பகச் செயலாளர். நாளைக்கு யாராவது கண்டதைப் பார்த்துக் கெட்டுப்போனால் கை என் பக்கம்தான் நீளும்.

ஏற்றிய அன்றே கருவி வேலையைக் காட்டியது. எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பென்ஷன் அலுவலகப் பக்கத்தைத் திறந்தார். அது மோசடிப் பக்கம் என்று சிவப்பாக எழுதி மூடிவிட்டது. அவர்கள் கேட்கும் விவரங்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், அதை விடுங்கள். மறுநாள் எங்கள் படிப்பகத்தின் சொந்தப் பக்கத்தையே நம்பத்தகாதது என்று தடுத்தது. ஆனால் எனக்கு ஒரு கார் பரிசு விழுந்திருப்பதாக வந்த அறிவிப்பை மட்டும் மரியாதையாக உள்ளே விட்டது. நான் அதை அமுக்கினேன். பிரிண்டர் தானாக நாற்பது பக்கம் அடித்துத் தள்ளியது. பிளக்கைப் பிடுங்கித்தான் நிறுத்தினேன். காரைப் பற்றி இதுவரை தகவல் இல்லை.

இனி யாரும், நான் உள்பட, தனியாகக் கருவியில் கை வைக்கக் கூடாது என்று குழுவில் தீர்மானம் போட்டோம். குழு என்பது நான், தலைமையாசிரியை, எதிர்ப்பக்கத்து சலூன்காரர், ஆக மூன்று பேர். பாஸ்வேர்டை மூன்று துண்டாக்கி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். ஒருவர் தன் துண்டை அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். தடுத்த பக்கம் எவருக்காவது தேவைப்பட்டால் பெயர், முகவரி, காரணம் எழுதி மனு கொடுக்கலாம். ஆட்சேபணைக்காக அது மூன்று நாள் பலகையில் தொங்கும். இன்றுவரை ஒரு மனுவும் வரவில்லை, அவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் மக்கள்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன். தடுக்கப்பட்ட சொற்களின் பட்டியலைக் கருவி வாராவாரம் எனக்குக் கொடுக்கிறது. எழுதவே கை கூசுகிறது மாப்பிள்ளை. "மார்பு" என்று எவனோ தேடியிருக்கிறான். ஒரு தடவை இல்லை, மூன்று வாரத்தில் பதினொரு தடவை. எல்லாம் இரண்டாம் எண் கம்ப்யூட்டரில், எல்லாம் மதியம் மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவில், அதாவது நான் நாற்காலியில் லேசாகக் கண் மூடும் நேரத்தில். என் தூக்கத்தின் கணக்கு வரை தெரிந்து வைத்திருக்கிறான், எவ்வளவு அழுத்தம் பாருங்கள்!

விடுவேனா? நாலு நாள் கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, செய்தித்தாளில் இரண்டு ஓட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளும் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து திரையைக் கையால் மறைத்தார். பாய்ந்து தோளைப் பிடித்துவிட்டேன். ஆள் குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வருடமாகத் தெருவில் முதல் பரிசு வாங்கும் மனுஷன். இப்போது எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சலூன்காரர் முதலிலிருந்தே இந்தத் தடுப்புக்கு விரோதி. படிப்பகம் என்றால் திறந்து கிடக்க வேண்டும், யார் என்ன படிக்கிறார்கள் என்று புத்தக அலமாரி கேட்கிறதா என்பார். அலமாரியில் எதை வைப்பது என்று நாம்தானே பார்த்து வைக்கிறோம் என்பார் தலைமையாசிரியை. இரண்டுமே சரியாகத்தான் படுகிறது, அதனால் நான் தலைமையாசிரியை பக்கம். பட்டியலைக் காட்டியதும் சலூன்காரர் சத்தம் போடவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"பதினோரு தடவை ஒரே வார்த்தைய தேடுறவங்க வேடிக்கை பாக்குறவங்க இல்ல சார். யாருக்கோ உடம்புல ஏதோ பயம். தடுத்தும் திரும்பத் திரும்ப வந்திருக்காங்க பாருங்க."

உடம்புக்கு என்றால் டாக்டரிடம் போக வேண்டியதுதானே, இங்கே என்ன வேலை என்று கேட்டேன். அவர் கத்தரியை எடுத்து மறுபடி முடி வெட்ட ஆரம்பித்துவிட்டார். அவரிடம் பதில் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். தடுப்பை எடுக்க வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவருகிறார். குற்றவாளியின் பெயரைப் பலகையில் போட்டு, உறுப்பினர் அட்டையைப் பறிக்க வேண்டும் என்று நான் கொண்டுவருகிறேன். தடுத்த சொல்லை அடித்த கையோடு அடித்தவரின் முகத்தைப் படம் பிடிக்கும் கேமராக் கருவி ஒன்று உங்களிடம் இருப்பதாகச் சொன்னீர்களே, அதை உடனே அனுப்பி வையுங்கள். யாராயிருந்தாலும் சரி, நம்ம சொந்தக்காரனே ஆனாலும் சரி, விடுறதா இல்லை. முகத்தைப் பாத்துட்டுத்தான் மறுவேலை.

மகளுக்கு என் அன்பைச் சொல்லவும். இருவரும் நூறாண்டு நோய்நொடியின்றி, வைரஸ் ஏதும் அண்டாமல் வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
செயலாளர், தெருப் படிப்பகம்

பின்குறிப்பு: கேமரா அனுப்ப வேண்டாம்.

என் கடிதங்களைத் தபாலில் போடுமுன் உங்கள் அத்தை படித்து, நீளமான இடங்களை அடித்துக் கொடுப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று ஒரு வரியும் அடிக்கவில்லை. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"அது நான்தான். நீங்க கண்ணயர்ற நேரமாப் பாத்து வந்தேன்" என்றாள்.

இடது பக்கம் ஒரு கட்டியாம். பட்டாணி அளவாம். தொட்டுப் பார்த்து இருபத்தெட்டு நாள் ஆகிறதாம். வீட்டில் இன்டர்நெட் வேண்டாம் என்று வைத்திருப்பவனும் நான்தான். ஏண்டி என்கிட்ட சொல்லல என்று கேட்டேன். "பேரு, முகவரி, காரணம் எழுதிப் பலகையில தொங்கவிட்டுட்டா சொல்லணும்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை மாப்பிள்ளை.

சலூனுக்கு ஓடினேன். பாதி முகத்தில் சோப்போடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு அவர் கூடவே வந்தார், எதற்கு என்று கேட்கவில்லை. படிப்பகத்தில் இருந்த தலைமையாசிரியை காரணம் கேட்டார். பின்னாலேயே வந்த உங்கள் அத்தை அவர் காதில் ஏதோ சொன்னாள். அதன்பின் யாரும் சுவரைப் பார்த்து நிற்கவில்லை. மூன்று துண்டையும் அடித்து, கருவியை ஒரேயடியாக அணைத்துவிட்டோம். தலைமையாசிரியை அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சேர்ந்து படித்தார். மருத்துவமனையில் நேரமும் அங்கேயே வாங்கியாயிற்று. வியாழன் காலை பத்து மணி. மகளிடம் போனில் சொல்லாதீர்கள், கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்கள் எழுந்து போன பிறகு நானும் அந்தப் பக்கத்தைப் படித்தேன். இப்படி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை, பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள் என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறது. அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் பதினொரு தடவை வந்திருக்கிறாள், பதினொரு தடவையும் நான் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.