நெம்புகோல் மன்னர்

"ஆதி காலம் தொட்டுப் போர்க்களங்களை வென்றது வீரமல்ல, நெம்புகோல், ஆப்பு, திருகு, கப்பி ஆகிய எளிய இயந்திரங்களே!"

இந்தப் பேருண்மையை முழங்கியவர் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி நடத்தும் முனியராஜ். முழங்கியது இரும்புத் தலைக்கவசத்துக்குள்ளிருந்து என்பதால், வெளியே குடத்துக்குள் வண்டு விழுந்த சத்தம்தான் கேட்டது.

புது ராக்கெட் பெட்டியின் லேபிளில் மன்னர் கோலத்தில் தம் படம் வர வேண்டும் என்பது அவருடைய வைராக்கியம். மதியத்துக்குள் போட்டோ அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் இந்த சீசன் போச்சு. பட்டாசு ஆலைக்குள் இரும்பு ஆகாது என்பதால் வீட்டு முற்றத்திலேயே வேடம் கட்டினார். கவசத்தின் முகத்தகடு சடக்கென்று விழுந்து மாட்டிக்கொண்டது.

"ஏங்க, மூச்சு வருதா?" என்றாள் மனைவி பாண்டிச்செல்வி. கம்பெனிக்கு ஆர்டர் பிடிப்பது அவள்தான்.

"மூச்சு கெடக்கட்டும், மூஞ்சி தெரியணும்! கரண்டியக் குடுத்து நெம்பு. நெம்புகோல் தத்துவம்!"

நெம்பினாள். கீல் வளைந்து தகடு இன்னும் இறுகியது.

"வாள எடு. வாள்ங்கிறது என்ன? ஆப்பு! இடுக்குல வச்சுத் தட்டு."

தட்டினாள். மழுங்கிய நாடக வாள் உள்ளே போனது, வர மறுத்தது. மன்னருக்குக் காதோரம் கொம்பு முளைத்தது.

போட்டோ எடுக்க வந்திருந்த செந்தூர்பாண்டி மெல்லச் சொன்னார்: "வெல்டிங் பட்டறைக்காரரக் கூப்பிட்டா ஒரு நிமிசத்துல வெட்டி எடுத்துருவாரு."

"நல்லாச் சொன்னீக! பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்சவுகளுக்குப் பட்டறைக்காரரா?" என்றாள் பாண்டிச்செல்வி.

கவசத்துக்குள் நெஞ்சு நிமிர்ந்தது. "அப்படிச் சொல்லு! பின்கழுத்துத் திருக இடப்பக்கமாச் சுத்து."

"உங்க இடமா, என் இடமா?"

"பின்னாலதானடி நிக்க, ரெண்டும் ஒண்ணுதான்!"

வலப்பக்கம் சுற்றினாள். தொண்டை நெரிந்தது.

"அய்யய்யோ, மாத்திச் சுத்திட்டனே!"

"விடு, இது தோல்வியில்ல, சோதனை," என்றது ஒரு கீச்சுக்குரல். "கப்பியக் கொண்டா!"

வேப்பங்கிளையில் கப்பி மாட்டி, கவசத்தின் உச்சிக் கொக்கியில் கயிறு கட்டி இழுத்தாள். கவசம் வரவில்லை, முனியராஜ் வந்தார். கால் நுனி மட்டும் தரையில் இருந்தது.

"தத்துவம் வேலை செய்யுது! இன்னும் இழு!"

அப்போது டூவீலரில் வந்து இறங்கினார் அச்சகத்து முகம்மது யூசுப். நுனிக்காலில் ஆடும் மன்னரைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"அக்கா, நீங்க காலையில சொன்ன நாய்க்குட்டி லேபிள் அச்சாகி முடிஞ்சிருச்சு. இனி அண்ணாச்சியக் கழட்டி விட்டுரலாம்."