பதினாலு தடவை கேட்ட பிரசங்கம்

ஆரணி,
23.1.2006

மகா கனம் பொருந்திய மாப்பிள்ளை அருள்தாஸ் அவர்களுக்கு, மச்சான் இராஜமாணிக்கம் தலை தாழ்த்தி எழுதும் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் இங்கு நானும் என் இரண்டு தறிகளும் சுகம். ஹூப்ளியில் என் தங்கையும் நீங்களும் உங்கள் ரயில்களும் அவ்வாறே ஓடிக்கொண்டிருப்பீர்களாக.

உங்கள் மகள் ஜெயப்ரியா கம்ப்யூட்டர் படித்துவிட்டு, என் வீட்டில் இருந்துகொண்டு, நம் சபையில் வீடியோ எடுப்பதும் சிடி போடுவதும் இணையதளம் நடத்துவதுமாக இருக்கிறாளே, இது ஓர் உத்தியோகமா, நேரில் பார்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் பி.எட். சேர்க்க அழைத்துப் போகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். எழுதுகிறேன். இதை ஆரணியில் ஒருவரும் நம்பமாட்டார்கள், போளூரில் சிரிப்பார்கள், வெம்பாக்கத்தில் என்னைப் பிடித்துக் கட்டிவைப்பார்கள். நீங்களும் நம்ப வேண்டாம். உட்கார்ந்து படித்தால் போதும்.

கிறிஸ்துமஸ் ஆராதனையை அவள் இரண்டு மணி நேர சிடியாகப் போட்டாள். சபையில் தொண்ணூறு குடும்பம். சிடி போனது நானூறு. பெரணமல்லூர் பஸ்ஸில் தொங்கிக்கினு வந்தெல்லாம் வாங்கிப் போனார்கள். ஊரே மனந்திரும்பிவிட்டது என்று போதகர் ஐயா ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார். ஞானஸ்நானத்துக்குத் தொட்டி போதாது, ஏரியைக் கேட்கலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. சபைச் செயலாளர் பன்னீர்செல்வம் சுவிசேஷக் கைப்பிரதிகளை அள்ளிக்கொண்டு, மனந்திரும்பியவர்களைப் பார்க்க நெசவுக்காரர் தெருவுக்கு ஜல்தியாகப் போனார். முதல் வீடு லோகநாதன் வீடு. உள்ளே டிவியில் ஐயாவின் குரல் கணீரென்று கேட்கிறது, ஆனால் திரையில் ஐயா இல்லை. யானை அளவுக்கு ஓர் அன்னப்பறவை நிற்கிறது. பன்னீர்செல்வம் உற்றுப் பார்த்தார். அது அவர் மனைவி ஸ்வர்ணலதா கட்டியிருந்த புதுப் பட்டுச்சேலையின் பார்டர். லோகநாதன் அதைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் இறக்கிக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் புது டிசைனைப் பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்டமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்று அத்தனையும் ஒரே கூரையின் கீழ் வந்து உட்கார, உங்கள் மகள் ஒவ்வொன்றாக நெருங்கி எடுத்திருக்கிறாள். லோகநாதன் தலை நிமிராமலே சொன்னாராம்: "வாங்க சார். அம்மா கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தா முந்தானையும் கெடைச்சிருக்கும்."

அந்த ஞாயிறே கமிட்டி கூடியது. நானும் போயிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஐயா முகம் வருவது பதினோரு நிமிஷம், பாக்கியெல்லாம் பார்டர், இவளை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று பன்னீர்செல்வம் மேஜையைத் தட்டியது செய்யாறு வரைக்கும் கேட்டது. ஏன் இப்படி எடுத்தாய் என்று கேட்டார்கள். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "கண்ணு அங்க போயிடுச்சுங்க ஐயா. என் தப்புதான்" என்றாள். காமிராவைத் துடைத்து, உறையில் போட்டு, மேஜைமேல் வைத்தாள். எனக்கு ரொம்பப் பேஜாராகிவிட்டது, மாப்பிள்ளை.

சாட்சிக்கு லோகநாதன் எழுந்தார். அன்னம் பிரசங்கத்தின் கடைசியில்தான் வருகிறது, பாதியிலிருந்து ஓட்ட என் மிஷினுக்குத் தெரியாது, ஆகையால் பிரசங்கத்தைப் பதினாலு தடவை கேட்டேன் என்று சொல்லி, கர்த்தர் பிறந்த இரவில் 'சத்திரத்தில் இடமில்லை' என்ற அந்தப் பிரசங்கத்தை முதல் வார்த்தையிலிருந்து, நடுவில் ஐயா இருமிய இரண்டு இருமல் உட்பட, ஒப்பித்தார். முடித்துவிட்டு, "அந்தச் சத்திரக்காரன் அப்புறமாச்சும் வெளிய வந்து எட்டிப் பாத்தானா ஐயா? ஒரு வாரமா அதே ரோசனையா கீது" என்றார்.

போதகர் கமிட்டியைத் திரும்பிப் பார்த்தார். "அன்னிக்கு நான் என்னா பேசுனேன்னு உங்கள்ல யாராச்சும் சொல்லுங்க." பன்னிரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். "முப்பது வருஷத்துல இவருதான் மொத ஆளு. பொண்ணு இருக்கட்டும்" என்று காமிராவை அவள் பக்கம் தள்ளினார்.

வேலையை நிரந்தரமாக்கிய கடிதத்தின் நகல் இத்துடன். ஆகவே இது உத்தியோகம்தான், பி.எட். எங்கும் ஓடிப்போகாது. தங்கைக்கு என் ஆசீர்வாதம், உங்களுக்கு என் வணக்கம், ஹூப்ளி ஸ்டேஷன் மாஸ்டருக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
இராஜமாணிக்கம்

பி.கு.: மேலே லோகநாதன் என்று வரும் இடமெல்லாம் என் பெயரைப் போட்டு இன்னொரு முறை படிக்கவும். பார்டரை நெருங்கி எடும்மா என்று அவளிடம் சொல்லி அனுப்பியதும் நான்தான். பெண் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிடி போனது முப்பத்தெட்டு. ஏரியை ஒருவரும் கேட்கவில்லை. பதினாலு தடவை என்பது மட்டும் சத்தியம். அன்னத்துக்கு எட்டே தடவை போதுமாயிருந்தது.