நிலைப்படிக்கு வெளியே ஒரு திறப்பு விழா

பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு அடுத்தவர் தவறு மட்டும் துல்லியமாகத் தெரியும். பேருந்து நிலையத்தில் கைப்பிடி இல்லை, அலுவலகத்தில் சாய்தளம் இல்லை என்று நான் எழுதிய செய்திகள் ஏராளம். (படித்தவர்கள் குறைவு.)

அந்தத் திமிரோடுதான் நார்த்தாமலையில் ஒரு சிறிய விடுதி கட்டினேன். போலியோவால் சிறு வயதிலிருந்தே சக்கர நாற்காலியில் இருக்கும் என் அக்கா மங்கை, யாரும் தூக்காமல் தானே உள்ளே வந்து தங்க ஓர் இடம் வேண்டும். அதுதான் நோக்கம். சமையலுக்கு ஊர்ப் பெண்கள், சுவருக்கு உள்ளூர்க் கல். புது மரம் வெட்டக் கூடாது என்று, இடித்த வீடொன்றின் பழைய தேக்கு நிலையை வாசலுக்கு வாங்கினேன். சாய்தளத்தைச் சோதிக்க, இரவல் நாற்காலியில் அரிசி மூட்டையை உட்கார வைத்துத் தள்ளினேன். மூட்டை சௌகரியமாக மேலே போனது. படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அப்போது வாசலில் நிலை வைத்திருக்கவில்லை.

திறப்பு விழாவில் முதலில் நுழைய வேண்டியவர் அக்கா. அவர் நுழைந்த பிறகு பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. சொந்தபந்தம் பின்னால் நிற்க, சக்கரத்தைத் தானே உருட்டி மேலே ஏறியவர் வாசலில் நின்றுவிட்டார். மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு, முழங்காலில் பாதி உயரத்துக்கு நிலைப்படி குறுக்கே கிடந்தது.

நிலையின் அகலத்தை அளந்திருந்தேன். படியை அளக்கவில்லை. பிறந்தது முதல் காலைத் தூக்கித் தாண்டியே பழகியவன் கண்ணில் அது படுவதில்லை.

"பலகை போடலாமா?" என்றேன்.

"பூசை போட்ட நெலை மேல சக்கரத்த ஏத்துறதா?" என்றார் பெரியப்பா. "நாலு பேரு வாங்கப்பா, தூக்கிருவோம்."

அக்கா என்னைப் பார்த்தார். "அரிசி மூட்டைய வச்சுத்தானடா சோதிச்ச? அதையே தூக்கிட்டுப் போங்க."

என் மனைவி தயங்கி, "அண்ணி, சமையக்கட்டுப் பக்கம் படி இல்லைங்க. அங்கிட்டுச் சுத்திப் போயிரலாம்" என்றாள்.

"எல்லா வீட்டு விசேசத்துக்கும் கொல்லப்பக்கமாத்தான் ஆத்தா போறேன். ஏந்தம்பி வீட்டுலயுமா?"

அக்கா நாற்காலியைத் திருப்பினார். கூட்டம் ஒதுங்கியது. சாய்தளத்தின் சரிவு மிகச் சரியாக அமைந்திருந்தது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். யார் உதவியும் இன்றி, ஒரு குலுக்கல்கூட இன்றி, அக்கா இறங்கிக் காருக்குப் போய்விட்டார். பாலை யாரும் அடுப்பில் ஏற்றவில்லை. மதியத்துக்குள் அது திரிந்துபோனது.

மறுநாளே படியை அறுத்துத் தரைமட்டமாக்கினேன். வருகிற விருந்தினர்கள் வாசலை மெச்சுகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் யாராவது கோபித்துக்கொண்டு எழுந்தால், "பாத்துப் போங்க, சாய்தளம் அங்கிட்டு இருக்கு" என்பார்கள். (என்னைக் கேலி செய்யத்தான் சாய்தளம் என்ற என் பத்திரிகைச் சொல், மற்ற நாளில் அவர்களுக்கு ரேம்ப்புதான்.) அதிகம் சிரிப்பவர் அக்கா. அவருக்கென்று கட்டிய அறை இன்னும் காலியாகவே இருக்கிறது. ஒரு நாளாவது வந்து தங்கு என்று கூப்பிட்டால் சொல்வார்:

"மொதல்ல மூட்டைய அனுப்புறேன். அது தங்கிப் பாத்துட்டுச் சொல்லட்டும்."