கலங்கலை நோக்கிப் போன படகு

ஸ்டீயரிங் திரும்பவில்லை.

பரந்தாமன் இரண்டு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தான். கரையை விட்டுக் கிளம்பியபோது ஒரே ஒரு தரம் வலது பக்கம் திரும்பியது. அப்போது அடியில் 'பச்சக்' என்று ஒரு சத்தம். அதோடு சரி, படகு தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டது. அது போக இஷ்டப்பட்ட இடம் ஏரியின் கலங்கல். ஐப்பசி மழையில் குத்தம்பாக்கத்துப் பக்கத்து அந்த ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கலைத் தாண்டி இரைச்சலோடு விழுந்துகொண்டிருந்தது.

அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பரந்தாமன், நூம்பல் வீட்டுக் கொட்டகையில் மூன்று வருஷம் பாடுபட்டுக் கட்டிய பாய்மரப் படகு அது. உள்ளே மூன்று பேர் படுக்கலாம், ஸ்டவ் வைக்க மேடை உண்டு. கடல் வழியாகவே பாண்டிச்சேரி போய்வரப் போவதாக ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அதற்கு முன்னால் இன்றைக்கு ஏரியில் வெள்ளோட்டம். ஊருக்குச் சொல்லாத சங்கதி ஒன்றுதான். அவனுக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டுகளோ கடலுக்கென்று பத்திரமாகப் பரண்மேல் இருந்தன.

"பயப்படாத மாமா. ஸ்டீயரிங் பூட்ச்சுன்னா நாலு வழி கீது. வீடியோல பாத்துக்கீறேன்" என்றான் மச்சான் சரவணக்குமார். மனைவியின் தம்பி. வானகரத்தில் ஃபிளாட், ஐடி கம்பெனியில் உத்தியோகம். படகைப் பற்றி அவன் பார்க்காத வீடியோ இல்லை.

ஸ்டீயரிங்கிலிருந்து பின்னாலுள்ள சுக்கானுக்கு ஒரு கம்பிக்கயிறு, இரண்டு கப்பிகள்மேல் ஓடும். அது எங்காவது சிக்கியிருக்கும், அடிமூடியைத் திறந்து பார்க்கலாம் என்றான் பரந்தாமன். வீடியோவில் அப்படியொரு வழி கிடையாது என்று சொல்லி மச்சான் தடுத்துவிட்டான்.

முன்பக்கம் ஹேமாவதி பூஜைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். காலையில், படகுக்கு எப்படிப் பூஜை போடுவது என்று புருஷனைக் கேட்டிருந்தாள். பாய் கட்டும் அவசரத்தில் இருந்தவன், லோடு வண்டி எடுத்தபோது செய்தாயே, அதையே செய் என்று சொல்லிவிட்டான்.

முதல் வழி, சுக்கானின் தலையிலேயே இரும்புத் தடியை மாட்டித் திருப்புவது. பரந்தாமனே லேத்தில் கடைந்த தடி. மாட்டினார்கள், அசையவில்லை. இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். தடி பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. பின்னாலேயே போக இருந்த பரந்தாமனை ஹேமாவதி ஓடிவந்து சட்டைக் காலரில் பிடித்து நிறுத்தினாள்.

அடுத்தது துடுப்பு. கொடிக்கயிற்றால் அதைப் படகின் பின்னால் கட்டினார்கள். இடது பக்கம் தள்ளினால்தான் படகு திரும்பும் என்று மச்சான் இடது பக்கம் தள்ளினான். உயிர் பயத்தில் பரந்தாமன் வலது பக்கம் தள்ளினான். துடுப்பு நடுவில் முறிந்தது.

கலங்கலின் இரைச்சலில் இப்போது பேச்சே சரியாகக் கேட்கவில்லை.

மூன்றாவதாக, பெயின்ட் பக்கெட்டைக் கயிற்றில் கட்டி ஒரு பக்கமாக இழுபட விட்டார்கள். இது வேலை செய்தது. படகு கொஞ்சம் திரும்பியது. திரும்பியதும் காற்று பாயை நிறைத்துக்கொள்ள, இதுவரை நடந்து போன படகு கலங்கலைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

"பாய எறக்குடா" என்றான் பரந்தாமன். அதுதான் நாலாவது வழி என்று சொல்லிக்கொண்டே மச்சான் கயிற்றை அவிழ்த்தான். பாய் மொத்தமும் அவர்கள் தலைமேல் விழுந்தது.

உள்ளே ஒன்றும் தெரியவில்லை, இரைச்சல் மட்டும்தான். திருவேற்காட்டு அம்மனுக்கு மொட்டை போடுவதாகப் பரந்தாமன் வேண்டிக்கொண்டான். சாகும்போது பொய் எதற்கு என்று தோன்றியது.

"மச்சான், எனக்கு நீச்சல் தெரியாதுடா."

"எனக்கும்தான் மாமா."

தடால் என்று ஓர் அதிர்ச்சி. படகு நின்றுவிட்டது.

பாயை விலக்கிக்கொண்டு தவழ்ந்து வந்தார்கள். கலங்கலில் வரிசையாக நட்டிருந்த கல்தூண்கள் இரண்டுக்கு நடுவே படகின் மூக்கு மாட்டியிருந்தது. இன்னும் ஒரு முழம் போயிருந்தால் அந்தப் பக்கம்தான். பரந்தாமன் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதான்.

இப்போதுதான் மச்சான் அடிமூடியைத் திறந்தான். கம்பிக்கயிறு கப்பியை விட்டு விலகி இடுக்கில் இறுகியிருந்தது. கையை விட்டுத் துழாவி வழவழவென்று எதையோ எடுத்தான். முகர்ந்து பார்த்தான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

ஹேமாவதி இருவர் நெற்றியிலும் நிதானமாகத் திருநீறு பூசினாள்.

"வண்டின்னா டயருக்கு அடியில வெப்போம். இதுல உருள்றது அந்த ரெண்டு கப்பிதான, அதான் கயித்துக்கு அடியில ரெண்டு ரெண்டா சொருவி வெச்சேன். அந்த நாலு எலுமிச்சம்பழமும் நசுங்காம இருந்திருந்தா, இன்னிக்கு நம்ம கதி இன்னா ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருய்யா."