சித்தமிருந்தா அண்ணன் போகாத புனிதப் பயணம்

ஆந்திராவையும் தமிழ்நாட்டையும் சேர்த்துச் சல்லடை போட்டுச் சலித்தாலும், யாருக்கும் எதற்கும் ஒரு வாக்குறுதிகூடக் கொடுக்காமல் மெக்கானிக் கடை நடத்திய மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவரை எனக்குத் தெரியும். ரேணிகுண்டா ஜங்ஷனுக்கு எதிரே, எஸ்.டி.டி. பூத்துக்கும் சோடாக் கடைக்கும் நடுவில் அவருடைய டூவீலர் ஒர்க்‌ஷாப். வண்டியை விட்டுவிட்டு, "சாயந்திரம் ரெடி ஆயிடுமாண்ணா?" என்று கேட்டால், "சித்தமிருந்தா ஆயிடும்" என்பார். கடவுளுக்குச் சித்தமிருந்தால் என்று பொருள். சாயந்திரத்துக்கு இந்தப் பதில் பரவாயில்லை. "பிரேக் புடிக்குமா?" என்பதற்கும் இதே பதில் வந்தால் என்ன செய்வீர்கள்? புத்தூர் வாத்தியார் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வண்டியை ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார் என்று சொல்வார்கள். இத்தனைக்கும் அவர் கைபட்ட பிரேக் பிடிக்காமல் போனதே இல்லை. அதை வாய் திறந்து சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

அவருடைய கல்யாணத்தில் நான் இல்லை. ஆனால் அந்தக் கதை தெரியாதவர்கள் எங்கள் கோயிலில் கிடையாது. பீடத்துக்கு முன்னால் நிறுத்தி, இந்தப் பெண்ணை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று ஃபாதர் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளை, "சித்தமிருந்தா சம்மதம், ஃபாதர்" என்று சொல்லிவிட்டார். ஃபாதர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சித்தமிருக்கறதாலதான்ப்பா நீ இங்க வந்து நிக்கிற. ஆமான்னு சொல்லு, பின்னால பிரியாணி ஆறிக்கினு கீது" என்றாராம். அன்றைக்கு மணப்பெண்ணாக நின்ற ஸ்டெல்லா அக்கா இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் முதலில் எடுப்பது இந்தக் கதையைத்தான்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு, ஆனால் ஊருக்கு அவர் சித்தமிருந்தா அண்ணன்தான். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கேட்டபோது, நான்கு வீடுகளில் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வீடு அவருடையது. ஸ்டெல்லா அக்காவே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் "ஆமா, எங்க வூட்டுக்காரரு" என்றார்.

பாஸ்போர்ட் எதற்கு என்கிறீர்களா? அவர்தான் எங்கள் பங்குக் கோயிலின் இளைஞர் மன்றத் தலைவர். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேறு இளைஞர் யாரும் பதவிக்கு வரவில்லை, எல்லோருக்கும் ஒரு கால் ஊருக்கு வெளியே இருந்தது. என்கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் குவைத்தில், மீதிப் பேர் ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸில். விஜயபுரத்தில் வேர்க்கடலை போடுகிறவர்கூடப் பையனுக்கு பாஸ்போர்ட் எடுத்து பீரோவில் பூட்டி வைத்திருந்தார். அந்த நேரத்தில்தான் மறைமாவட்டத்திலிருந்து அறிவிப்பு வந்தது. போப்பாண்டவர் உலகத்து இளைஞர்களையெல்லாம் ஐரோப்பாவில் ஒரு நகரத்துக்கு அழைத்துப் பூசை வைக்கிறார், ஒவ்வொரு பங்கிலிருந்தும் பிள்ளைகள் வரலாம் என்று. நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மறுபடியும் விசா கேட்க வேண்டி வந்தாலும் வரும்.

நாங்கள் பதினோரு பேர் பெயர் கொடுத்தோம். அண்ணனோடு பன்னிரண்டு. எங்கள் ஃபாதருக்கு அந்தக் கணக்கில் ஏகப்பட்ட சந்தோஷம். தெலுங்குக்காரர், தமிழை நன்றாகவே பேசுவார். "பன்னெண்டு அப்போஸ்தலருங்க. பாக உந்தி, நல்லாருக்கு. இதுல யூதாஸ் எவுருய்யா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. அந்த நாட்டில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் என் மாமா பையனுடைய சிநேகிதன் சேகர் வேலை செய்துகொண்டிருந்தான். "நீ கூட்டத்தோட வந்துரு, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று போனில் சொல்லியிருந்தான். பூசை முடிந்ததும் கூட்டத்திலிருந்து நழுவி அவனோடு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். திருப்பதியில் டிகிரி முடித்து இரண்டு வருஷமாக ரேணிகுண்டாவில் ஒரு ரூமில் சும்மா கிடந்தவனுக்கு வேறு எந்தக் கதவும் திறக்கிற மாதிரித் தெரியவில்லை. என் அப்பா பிச்சாட்டூரில் உபதேசியார், ஃபாதர் வராத ஞாயிறுகளில் மக்களுக்கு ஜெபம் சொல்கிறவர். அவருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது. சேகரிடம் பேசியதெல்லாம் அண்ணன் கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில்தான்.

அண்ணன் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். முதல் பயிற்சி, குளிர். ஐஸ் ஃபேக்டரிக்காரரைக் கெஞ்சி, ஞாயிறு பூசை முடிந்ததும் எங்களைப் பத்து நிமிஷம் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். மே மாதத்து ரேணிகுண்டாவில் ஜலதோஷம் பிடித்த ஒரே பெண் என்ற பெருமை எங்கள் ரோசிக்குக் கிடைத்தது. இரண்டாவது பயிற்சி, சாப்பாடு. "அங்க சோறு கெடைக்காது. மூணு நாளு ரொட்டி மட்டும் துன்னுங்க" என்று உத்தரவு. இரண்டாம் நாள் மத்தியானம் அவர் கடைக்குப் பின்னால் ஸ்டெல்லா அக்கா கொண்டுவந்த தூக்குச் சட்டியைத் திறந்து ரசம் சாதம் துன்னுக்கினு இருந்ததை ரோசி பார்த்துவிட்டாள். "நான் தலைவரும்மா, டேஸ்ட் பண்ணிப் பாக்கறேன்" என்றார்.

மூன்றாவது பயிற்சிதான் முக்கியமானது. விசா இன்டர்வியூ. கழற்றி வைத்த ஸ்கூட்டர் சீட்டின்மேல் அவர் அதிகாரியாக உட்கார்ந்துகொள்வார். எதிரே ஒவ்வொருவராக நிற்க வேண்டும். "வில் யூ கம் பேக்?" என்று கேட்பார். "யெஸ் சார், டெஃபினிட்லி சார்" என்று சொல்ல வேண்டும். குரல் இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. நான் அதை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன். பொய் சொல்வதற்கு அவ்வளவு ஒத்திகை யாருக்கும் கிடைத்திருக்காது. எங்களில் ஒருத்தருக்கும் ஒரு விஷயம் உறைக்கவில்லை. அந்த ஸ்கூட்டர் சீட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் அண்ணன் ஒரு நாள்கூட நின்றதில்லை.

சென்னையில் தூதரகத்தில் இன்டர்வியூ. நான் கண்ணாடிக் கவுன்ட்டருக்கு முன்னால் போய் நின்றேன். அதிகாரி கேட்டார். "யெஸ் சார், டெஃபினிட்லி சார்" என்றேன். தலையை ஆட்டி, போகலாம் என்றார். பக்கத்துக் கவுன்ட்டரில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அதே கேள்வி.

"இஃப் காட் வில்ஸ், சார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பாவம், பதறிவிட்டது.

"சார், திரும்பி வருவேன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும்."

"எப்பிடிம்மா சொல்றது? இங்கேர்ந்து வூட்டுக்குப் போய்ச் சேருவனான்னே எனக்குத் தெரியாது. சித்தமிருந்தா வருவேன்னு சொல்லுங்க."

"அப்படிச் சொன்னா குடுக்க மாட்டாங்க சார்."

"அதுக்காகப் பொய் சொல்ல முடியுமா? பாக்கப் போறது போப்பாண்டவரை."

பதினோரு பேருக்கு விசா கிடைத்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவருக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வெளியே நின்றோம். அவர்தான், "வாங்க, பசிக்குது. இனிமே நான் ரொட்டி துன்ன வேண்டியதில்ல" என்று எங்களை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும் ரயிலில் அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கூட வந்திருந்த ஸ்டெல்லா அக்காதான் அவரைக் கண்ணால் காட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"அவுங்க நைனா ரயில்வேல கேங்மேனு. சாயந்திரம் கண்டிப்பா வந்து உன்னைப் பொருட்காட்சிக்கு இட்டுக்கினு போறேன்னுட்டுப் போனவரு. தண்டவாளத்துலேர்ந்து தூக்கிக்கினு வந்தாங்க. அப்ப இதுக்கு எட்டு வயசு. புதுச் சட்டை போட்டுக்கினு வாசல்ல நின்னுக்கினு இருந்துச்சாம். அப்பலேர்ந்து கண்டிப்பான்ற வார்த்தை அது வாயில வராது."

இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை வைத்துத்தான் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மை பேசியவர் கையில் வெறும் பாஸ்போர்ட், புளுகியவன் பையில் விசா.

அடுத்த வாரம் மறைமாவட்ட அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது. பிள்ளை கட்டாயம் திரும்பி வருவான் என்று அவனுடைய தகப்பனார் கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் கையெழுத்துப் போட்டவர் மறைமாவட்டத் தலைவரான ஆயர் முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டும், அந்தப் பங்கிலிருந்து இனி யாரையும் அனுப்ப மாட்டார்கள். ஃபாதர் பதினோரு படிவங்களையும் மேஜைமேல் பரப்பினார். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எதுக்கு ஃபாதர் பதினோரு நைனாவுங்களையும் பஸ் ஏறி வரச் சொல்றது? தலைவர்னு நானே போட்டுர்றேன்."

"நுவ்வா? நீயா? உனக்கே நீ உறுதி சொல்லலயேய்யா. இவுங்க எல்லாம் திரும்பி வருவாங்களா?"

"வருவாங்க, ஃபாதர்."

ஃபாதர் மிச்ச வார்த்தைக்காகக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். அது வரவில்லை. "அவ்ளோதானா?" என்றார் ஃபாதர். "அவ்ளோதான் ஃபாதர். பதினோரு பேரும் கண்டிப்பா வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வெளியே வந்ததும் ரோசி கேட்டேவிட்டாள்.

"இன்னாண்ணா, சித்தமிருந்தா சொல்லலயே நீங்க?"

"என்னைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. உங்களைப் பத்தித் தெரியும்."

மற்றவர்கள் சிரித்துக் கை தட்டினார்கள். நான் சைக்கிளுக்குக் காற்று அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவினேன்.

போன இடத்தில் எங்கள் பையெல்லாம் ஸ்வெட்டர், வெளியே ரேணிகுண்டாவுக்கு இணையான வெயில். பக்கத்துக் கூடாரத்துக் கொரியாக்காரப் பிள்ளைகள் பெரிய பாத்திரத்தில் சோறு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து ரோசி அழுதேவிட்டாள். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மனிதத் தலைகள், எத்தனையோ நாட்டுக் கொடிகள். போப்பாண்டவர் எங்கோ ஒரு வெள்ளைப் புள்ளியாகக் கையை அசைத்தார். ரோசி முழுத் தொண்டையில், "சாமி, எங்க சித்தமிருந்தா அண்ணன் வர முடியல" என்று கத்தினாள். பக்கத்திலிருந்த ஸ்பெயின்காரர்கள் எதற்கென்று தெரியாமலே அவளோடு சேர்ந்து கை தட்டினார்கள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை அவரவர் மொழியில் சொல்லச் சொன்னார்கள். அந்த லட்சக்கணக்கான குரல்களில் எங்கள் பதினோரு பேரின் தமிழ் யாருக்குக் கேட்டிருக்கும்? ஆனால் எனக்குக் கேட்டது.

பூசை முடிந்து பஸ் கிளம்ப அரை மணி நேரம் இருந்தது. சொன்ன கேட்டில் சேகர் நின்றுகொண்டிருந்தான், எனக்காக ஒரு ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"சீக்கிரம் வா. கார் அந்தப் பக்கம் நிக்குது."

"நான் வரலை சேகர்."

"இன்னாடா சொல்ற? இதுக்கா இவ்ளோ தூரம் வந்த?"

"ஊர்ல ஒருத்தரு கையெழுத்துப் போட்டுட்டாரு."

"யாரு, சொந்தக்காரரா?"

"மெக்கானிக்."

சேகர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிக் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. பஸ் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். திரும்பிப் போய் என்ன வேலை செய்வேன் என்று எனக்குத் தெரியாது. போகாமல் இருக்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

ரேணிகுண்டாவில் ரயில் நின்றபோது பிளாட்பாரத்தில் அண்ணனும் ஸ்டெல்லா அக்காவும் நின்றிருந்தார்கள். அவர் எங்களை வாங்க என்றுகூடக் கேட்கவில்லை. விரலை நீட்டி எண்ணினார். நான் கடைசியாக இறங்கினேன். என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்து நாளா இது துன்றதும் இல்ல, தூங்கறதும் இல்ல" என்றார் ஸ்டெல்லா அக்கா என் காதோடு. "பூத்துக்கும் கடைக்கும் நடுவுல வெறும் பலகைடா. நீ போன்ல பேசுனதெல்லாம் இதுக்குக் கேட்டுச்சு."

மற்றவர்கள் பெட்டிகளோடு முன்னே போனார்கள். நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெரிஞ்சுமா ஃபாதர்கிட்ட கண்டிப்பா வருவாங்கன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். சொல்லிட்டுத்தான் பயந்துக்கினு இருந்தேன்."

"எதுக்குண்ணா கையெழுத்துப் போட்டீங்க?"

"உங்க நைனா உபதேசியாருடா. நீ அங்கியே தங்கிட்டீன்னா அவரு போய் ஆயர் முன்னாடி நிக்கணும். அவரு எப்பிடி நிப்பாரு? நான்னா நின்னுக்குவேன். ஒனக்கு மட்டும் போட்டா ஏன்னு கேப்பாங்க இல்ல, அதான் பதினோருத்தருக்கும் போட்டேன்."

அதற்குப் பிறகு எனக்குச் சித்தூரில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, ஒருமுறை முறையான விசாவோடு வெளிநாடும் போய் வந்தேன். என் அப்பா அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. ஆனால் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், ரேணிகுண்டாவில் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறேன்.