நாலு ஓடு மாற்ற ஒரு மனு

வெள்ளைக்காரன் கட்டிய வீட்டில் குடியிருப்பவர் கூரையில் நாலு ஓடு மாற்ற வேண்டுமென்றால், பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு மூன்று பிரதிகளில் மனுச் செய்ய வேண்டும். அப்படியொரு வீட்டில் இருந்த கிழங்குக்காரர் சட்டத்தை மதிப்பவர், மனுச் செய்தார். அந்த ஊருக்கே பிழைப்பு உருளைக்கிழங்குதான். அடுத்த நடவுக்கான விதைக்கிழங்கை வீட்டின் பெரிய கூடத்தில் பரப்பி வைத்திருந்தார். கூரைப் பொத்தலும் அதற்கு நேர் மேலே. மழைக்கு இன்னும் இருபது நாள்.

அதிசயமாகப் பத்தாம் நாளே அலுவலர் வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். ஏணி கேட்டு வாங்கி ஏறி, பொத்தலை டேப்பால் அளந்தார்.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

போன மாதக் காற்றில் விழுந்த ஓடுகள். உள்ளதைச் சொன்னால், புதுசுதானே, மெதுவாகப் பார்க்கலாம் என்று தள்ளிப் போடுவார்களே என்று கிழங்குக்காரர் கொஞ்சம் உப்புக்காரம் சேர்த்தார்.

"எங்க அப்பா காலத்துலேருந்தே இருக்குங்க. அவரும் மனு போட்டுப் போட்டே போய்ச் சேர்ந்துட்டார்."

"அறுபது வருஷம் தாண்டியிருக்குமா?"

"தாராளமா."

அலுவலர் முகம் மலர்ந்தது. "அப்போ இந்தப் பொத்தலும் பாரம்பரியம். அடைக்கக் கூடாது." பட்டியலில் எழுதியும் விட்டார்: 'கூடம் ஒன்று, பொத்தலுடன், கிழங்குடன்.' ஆகவே கிழங்கையும் நகர்த்தக் கூடாது.

"போன மாசம் விழுந்த ஓட்டுக்கு மாமாவை ஏங்க இழுத்தீங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் அலுவலகத்துக்கு ஓடி உண்மையைக் கொட்டினார். அலுவலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"புதுப் பொத்தலா? அப்போ பாதுகாக்கப்பட்ட கட்டடத்துல அனுமதியில்லாம மாற்றம் செஞ்சிருக்கீங்க. வீட்டையே நாங்க எடுத்துக்கணும். உங்களுக்கு எது வசதி?"

"அப்பா காலத்துப் பொத்தலே இருக்கட்டுங்க."

கயிறு கட்டிப் பலகை வைத்தார்கள். பார்வையாளர்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். துரை படுத்தபடியே நட்சத்திரம் பார்ப்பதற்கென்று கூரையில் வழிவிட்டுக் கட்டினார் என்று வழிகாட்டி அடித்துவிட்டார். வந்தவர்கள் கழுத்து சுளுக்கும்வரை வியந்தார்கள். ஊராருக்கு வயிறு எரிந்தது. அவன் கூரைக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு பாட்டன் காலத்துப் பொத்தல் புறப்பட்டது. அலுவலரும் சளைக்காமல் அளந்து சான்றிதழ் கொடுத்தார்.

மழை மட்டும் ஓரவஞ்சனை பார்க்கவில்லை. எல்லார் கூடத்திலும் சமமாகப் பெய்தது. ஊர் விதைக்கிழங்கு மொத்தமும் அழுகியது. பார்வையாளர்கள் மூக்கைப் பிடித்ததும், அலுவலகம் அன்றைக்கே உத்தரவு போட்டது: உடனே அகற்றவும். ஒரு பிரதிகூடக் கேட்கவில்லை. கிழங்குக்காரர் கூடைகூடையாக அள்ளி வெளியே கொட்டும்போது, ஆண்பிள்ளை என்றும் பாராமல் அழுதார். அந்தப் பருவம் ஊரில் யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை.

அவர் வாசலில் கடை போட்டு, வருகிறவர்களுக்குக் கிழங்கு வறுத்துக் கொடுத்தார். ஒரு அம்மாள் ருசித்துவிட்டுக் கேட்டாள்.

"நல்லா இருக்கே. உங்க வயல்ல விளைஞ்சதா?"

"இல்லீங்கம்மா, பக்கத்து ஊர்லேருந்து வருது."

"அங்க பார்க்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமே கிடையாதுங்க" என்றார் கிழங்குக்காரர் மனமார்ந்த இரக்கத்துடன். "எல்லார் கூரையும் நல்லாத்தான் இருக்கு. பாவம்."